எட்டாவது தாள்

சிப் படிக்கும் கருவியைப் பூனையின் பிடரியில் வைத்தார் டாக்டரம்மா. கருவி 'பீப்' என்றது. பூனை அசரவில்லை. அதைக் கொண்டுவந்தவளுக்குத்தான், திருட்டுப் பொருளோடு மாட்டிக்கொண்டவள் மாதிரி வியர்த்துக் கொட்டியது.

விமான நிலையத்தில் விலங்குகளைச் சோதிக்கும் அறை அது. ஒரு மேசை, ஒரு எடை இயந்திரம், அறை முழுக்க பினாயில் வாடை. விமானம் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"இவன் பேரு என்னம்மா?"

"மூட்டை."

எடையைப் பார்த்துவிட்டு, பேர் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்தார் டாக்டரம்மா.

தடுப்பூசிச் சான்று, ரத்தச் சோதனை, பூச்சி மருந்துச் சீட்டு என்று ஆறு மாதமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த தாள்கள். மொத்தம் ஏழு. பழைய போர்வைக்குள் ஒளித்துவைத்து, கணவன் வேலைக்குப் போனபின் எடுத்து எடுத்து எண்ணியிருக்கிறாள். இன்று காலையும் அவன் வழக்கம்போலக் கிளம்பிப்போன பிறகுதான் வண்டி பிடித்தாள்.

தனியாகப் போவதென்றால் என்றைக்கோ போயிருப்பாள். போன தடவை தோழி வீட்டுக்கு ஓடியபோது அவன் போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூனை அலறுவதை மட்டும் கேட்க வைத்தான். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். அன்று வாங்கிய உதைக்கு, இன்றும் குனிந்தால் விலா வலிக்கிறது.

இந்தத் தடவை அக்காவிடம் போகிறாள். அக்கா எந்த நாட்டில் இருக்கிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. பூனைக்கான விண்ணப்பத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் விமானம், தேதி, அக்கா வீட்டு முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

ஒரே ஒரு சிக்கல். பூனையின் தோலுக்கடியில் பொருத்தியிருந்த அடையாளச் சிப் அவன் பேரில் பதிவாகியிருந்தது. பூனையை வாங்கிவந்தவன் அவன். வாங்கியதோடு சரி, ஒரு நாள் தண்ணீர் வைத்ததில்லை. யார் இதையெல்லாம் நோண்டப்போகிறார்கள் என்று தன் பேரிலேயே விண்ணப்பித்தாள். அனுமதியும் வந்துவிட்டது.

டாக்டரம்மா விரலில் எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டினார். சாவகாசமாக ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார்.

"எட்டும் சரியா இருக்கும்மா. நீங்க கிளம்பலாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூனைக் கூண்டைத் தூக்கிக்கொண்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. பொழைச்சோம்டா மூட்டை என்று கூண்டுக்குள் குனிந்து சொன்னாள். விலா வலித்தது, பரவாயில்லை.

வாசல்வரை போனவள் நின்றாள்.

"எட்டா? நான் ஏழுதானே குடுத்தேன்?"

"சிப் உங்க சார் பேர்லதானே இருந்துச்சு? அதான் உங்க விண்ணப்பத்தோட நகலைப் போன மாசமே அவருக்கு அனுப்பிட்டோம். எட்டாவது, அவரோட சம்மதக் கடிதம். இப்பதான் நேர்ல வந்து குடுத்துட்டு உள்ள போனாரு. ரொம்பத் தன்மையான மனுஷன்."

அவள் கூண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே போகும் கதவைப் பார்த்தாள். டாக்டரம்மா அதைக் கவனிக்காமல் அடுத்த ஃபைலை எடுத்தார்.

"உங்களுக்குப் பக்கத்து சீட்டே கிடைச்சிடுச்சாம்."