பச்சைப் புள்ளி

"பச்சைப் புள்ளி தெரியுதாங்க?"

"தெரியுது."

"அதையே பாருங்க. அசையாதீங்க."

இடது கண்ணை அட்டை கட்டி மூடி, தாடையைத் தாங்கியில் பதித்துக் கணவன் கல்லாய்ச் சமைந்திருந்தான். அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் விழித்திரையின் அடுக்குகள் மழையில் நனைந்த காகிதம் மாதிரி ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன.

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் படமெடுக்கும் இந்தக் கருவிக்கு விளக்கு வடிவமைப்பதுதான் அவள் வேலை. கணவனின் வலது கண் மங்கத் தொடங்கியபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றலாம், கலங்கல் படத்தை நம்பிக் கை வைக்க மாட்டேன் என்றார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஒளியில் கலந்த நிறங்களின் வரிசை அகல அகல மெல்லிய அடுக்கும் பிரிந்து தெரியும் என்று இரண்டு விளக்குகளின் ஒளியைச் சேர்த்தாள். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒளி குறைந்து பள்ளம் விழ, படத்தில் பொய்க்கோடுகள் வந்தன. அதையும் நிரவி, இன்று மத்தியானம்தான் கருவியைப் பிரித்துப் புது விளக்கை மாட்டினாள். அப்படியும் இந்த லட்சணம்.

"பார்வை புள்ளியை விட்டு நகர்ந்தாலும் படம் கலங்கும்ங்க. நகரலையே?"

"ஆணி அடிச்ச மாதிரி பாத்துட்டிருக்கேன். உன்னைக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப விளக்குதான் சரியில்ல. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பி. என் கண்ணு எங்க ஓடிடப்போகுது?"

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய பிரிவுத் தலைவர் உள்ளே வந்தார். கருவியைச் சோதிக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகியவர். கணவனை எழுந்திருக்கச் சொன்னார். வேண்டாம் சார், என்னையே இன்னொரு தடவை எடுக்கட்டும் என்று அவன் மன்றாடிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. மறுபடி தான்தானே உட்கார வேண்டும் என்று, இடது கண்ணில் கட்டிய அட்டையை எடுக்காமலே எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். தலைவர் உட்கார்ந்து தாடையைத் தாங்கியில் பதித்தார்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒவ்வோர் அடுக்கும் மயிரிழை மயிரிழையாய்ப் பிரிந்து நின்றது.

"உன் விளக்குல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் தலைவர், தாடையை எடுக்காமலே. "ஆனா பச்சைப் புள்ளி எங்க? எரியவே இல்லையே. லென்ஸ் நடுவுல பாத்துச் சமாளிச்சேன்."

அவள் குனிந்தாள். விளக்கை மாட்டுவதற்காகக் கழற்றிய புள்ளியின் ஒயர், மாட்டப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது, அவள் நிற்கும் திசை தெரியாமல், கணவன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.