ஆயர் அங்கியில் விழப்போகும் நிறம்

மாதா கோயில் சன்னலில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடிகளுக்குள் காலைப் பூசை முடிவதற்குள்ளேயே தகராறு தொடங்கிவிட்டது.

"திருவிழாவுக்கு ஆயர் வர்றார். அவரோட வெள்ளை அங்கிமேல என் வெளிச்சம்தான் விழணும். நான் வேதத்துக்காக உயிரைவிட்ட வேதசாட்சி சிந்தின ரத்தம்," என்றது சிவப்பு.

"அதெப்படி? நான் மாதாவோட முக்காடு. எனக்கப்புறம்தான் நீ," என்றது நீலம்.

கீழ் மூலையிலிருந்த பச்சை, "நானும் ஓரமா கொஞ்சம்..." என்று வாயைத் திறந்தது.

"கழுதைக்குப் போட்ட புல்லுக்கு இங்கே என்ன பேச்சு?" என்று இரண்டும் சேர்ந்து சீறின.

வெளியே சன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த காக்கைக்கு இந்தச் சத்தம் தாங்கவில்லை.

"எதுக்குய்யா இந்தச் சண்டை? வெளியேயிருந்து பார்த்தா நீங்க எல்லாருமே என்னை மாதிரி கறுப்பாத்தானே இருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

"காக்காய்க்குக் கண்ணு தெரியலை," என்றது சிவப்பு.

"சுத்தமாத் தெரியலை," என்றது நீலம்.

அப்போதும் மனம் ஆறாமல், இரண்டும் மெதுவாகப் பச்சையைக் கூப்பிட்டன.

"நீயே சொல்லு தம்பி, நாம கறுப்பா?"