ஒரு சொட்டு

சர்க்கரை நோய்ப் பிரிவில் அஞ்சலாட்சியின் போனை வாங்கிப் பார்த்த நர்ஸ் நிர்மலாவுக்கு எரிச்சல் வந்தது. ஆஸ்பத்திரி ஏற்றிக்கொடுத்த செயலியில் பத்து நாளாக ஒரு சர்க்கரை அளவும் பதிவாகவில்லை.

"தினம் காலையில குத்திப் பாக்கச் சொன்னேனா இல்லியாம்மா?"

"குத்துறேங்க. ரத்தம் வரமாட்டேங்குது."

அஞ்சலாட்சி இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தாள். இருபது வருடமாக முந்திரிக்கொட்டை உடைத்த கைகள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. பத்திலும் ஊசித் தடம். நிர்மலா தானே மோதிர விரலில் குத்தினாள், நடுவிரலில் குத்தினாள், அழுத்திப் பிதுக்கியும் பார்த்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"காரணம் போடாம டாக்டர்கிட்ட அனுப்ப விடாதும்மா இது." திரையில் 'மறந்துவிட்டார்', 'விருப்பமில்லை' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன.

"ரத்தம் வரலன்னு போடுங்க."

"அது இதுல இல்லம்மா."

"அப்ப நான் பொய் சொல்றேங்குதா?"

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவள் 'மறந்துவிட்டார்' என்பதைத் தொட்டதும் டாக்டரைப் பார்ப்பதற்கான டோக்கன் எண் திரையில் வந்தது. போனை நீட்டினாள்.

அஞ்சலாட்சி வாங்கவில்லை. "நான் மறக்கல. மொதல்ல அத மாத்துங்க" என்று நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.