ஹாலில் மாட்ட ஒரு போட்டோ

“இன்னா அம்மணி, உம் பொண்ணு நெசமாலுமே பிளேன் ஏறிச்சா?”

குப்பம்மா காதோடு காதாகத்தான் கேட்டாள். ஆனால் தெருத்தெருவாக மீன் கூவி விற்ற தொண்டையாயிற்றே! அவள் ரகசியம் முன்வரிசை வரைக்கும் போனது.

அம்மணிக்கு மானமே போயிற்று.

சேலையூர் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து, கம்போடியா போய்வந்த டீம் திரையில் போட்டோ காட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் அநாதை இல்லத்தில் ரெண்டு வாரம் சேவை. டீமில் அம்மணியின் மகள் ஷீலாவும் ஒருத்தி. இந்தச் சங்கதியை அம்மணி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மாவு மில் வரை கேம்ப் ரோடு பூரா தண்டோரா போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு குப்பம்மாவை வியாபாரத்துக்கு லீவு போடவைத்து, பட்டுப்புடவை கட்டவைத்து இழுத்து வந்ததும் அவளேதான்.

திரையில் டீமிலிருந்த ஜெபின் ஒரு பையனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஓடினான். ப்ரியாவின் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. டீம் லீடர் சாலமனைச் சுற்றி ஒரு பட்டாளமே நின்றது.

ஷீலா? ஒரு படத்தில்கூட இல்லை!

அம்மணி தாம்பரத்தில் அநாதைப் பிள்ளைகள் ஹோம் ஒன்றில் ஆயாவாக இருந்தவள். புருஷன் போன பிறகு ஷீலாவையும் அங்கேயே வைத்துத்தான் வளர்த்தாள். வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து டீம் வரும். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும், போட்டோ எடுத்துக்கொள்ளும். ‘எம் பொண்ணும் ஒருநாள் இந்த மாதிரி போய் நிக்கணும் ஆண்டவரே’ என்று அன்றைக்கே ஜெபம் பண்ணிக்கொண்டாள்.

ஷீலா படித்தாள், சிறுசேரியில் ஐ.டி. வேலைக்குப் போனாள், இப்போது கம்போடியாவும் போய்வந்துவிட்டாள். ‘ஒரு கொயந்தைய இடுப்புல வெச்சுகினு ஒரே ஒரு போட்டோ எட்த்துக்கோடி’ என்று சொல்லித்தான் மகளை அனுப்பியிருந்தாள். பெரிய பிரேம் வாங்கி, ஹாலில் ஆணியும் அடித்தாயிற்று.

பக்கத்தில் இருந்த மகளின் தொடையைக் கிள்ளினாள்.

“ஏன்டி, போட்டோ எடுக்கசொல்ல நீ எங்க போன?”

“பின்னாடி இருந்தேம்மா.”

“பின்னாடி இன்னா வேலை?”

“துணி துவைச்சேன்.”

“எல்லா நாளுமா?”

“சில நாள் பாத்திரமும் தேய்ச்சேன்.”

வந்ததே கோபம் அம்மணிக்கு! “துணி தோய்க்கவா கடல் தாண்டிப் போன? அத்தத்தான் நான் இங்கயே செஞ்சனே! உன்ன எதுக்குடி படிக்க வெச்சேன்?”

அதற்குள் மேடையில் சாலமன் மைக்கைப் பிடித்தான்.

“ஷீலா சிஸ்டர் பிள்ளைங்க பக்கமே வரலை. விளையாடக் கூப்பிட்டா, ‘வேலை இருக்கு, நீங்க போங்க’ன்னுடுவாங்க. மறைக்காம சொல்றேன், எனக்கு அவங்கமேல வருத்தம்தான்...”

“போச்சு, மைக்குலயே சொல்ட்டான்” என்றாள் குப்பம்மா. அம்மணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“...நேத்து இந்த வீடியோ வர்ற வரைக்கும். அந்த இல்லத்து ஆயாம்மா அனுப்பியிருக்காங்க. அவங்க பேசுறதைத் தமிழ்ல வாசிக்கிறேன்.”

திரையில் ஒரு நடுவயசுப் பெண் கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே பேசினாள். சாலமன் வாசித்தான்.

“எத்தனையோ டீம் வந்திருக்கு. எல்லாரும் பிள்ளைங்களோட விளையாடுவாங்க. நான் துவைச்சுக்கிட்டே பார்த்துட்டிருப்பேன். அவங்க கிளம்பிப் போனதும் பிள்ளைங்க நாள்கணக்கா அழும். நான் கூப்பிட்டா வராது. இந்தப் பொண்ணு வந்த அன்னிக்கே என் கையில இருந்த துணியைப் பிடுங்கிக்கிச்சு. ‘நீங்க போங்க, பிள்ளைங்களோட உக்காருங்க’ன்னு சைகையில சொல்லி என்னைத் தள்ளிவிட்டுச்சு. இந்தத் தடவையும் நீங்க போனதுக்கு அழுதாங்க. ஆனா, என் மடியில வந்து படுத்து அழுதாங்க.”

கடைசியாக அவள் அனுப்பிய ஒரு போட்டோ வந்தது. மரத்தடியில் அந்த ஆயா. மடியில் ரெண்டு, முதுகில் ஒன்று, தலை பின்னிக்கொள்ள எதிரே ஒன்று. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

சபையே கை தட்டியது. அம்மணிக்குக் கை எழவில்லை.

“நம்ம ஹோம்ல நீயும் எப்பவும் அந்தத் துவைக்கிற கல்லுகிட்டதாம்மா நின்னே” என்றாள் ஷீலா மெதுவாக. “வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர் வந்து உன் கையிலேர்ந்து அந்தத் துணியை வாங்க மாட்டாங்களான்னு பார்த்துட்டே இருப்பேன். வாங்கியிருந்தா, நீ என்னைக் கொஞ்ச நேரம்...”

அம்மணி மகளை இழுத்து, இத்தனை பேர் நடுவில், சின்னப் பிள்ளையைப்போல மடியில் சாய்த்துக்கொண்டாள்.

குப்பம்மா இன்னும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையையே துழாவிக்கொண்டிருந்தாள்.

“அல்லாம் சரி அம்மணி, இதுலயும் உம் பொண்ணக் காணோமே?”

அம்மணி மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூவி மீன் விற்றவளே மிரண்டுபோகிற குரலில் சொன்னாள்:

“நல்லா பாருடி! அந்த ஆயாவுக்குப் பின்னால, முதுகக் காட்டிகினு கொடியில துணி காயப்போட்டுகினு கீதே, அதான் எம் பொண்ணு! சாலமன் தம்பி, அந்தப் போட்டோவயே பெர்சா போட்டுக் குடுப்பா. பிரேமு ரெடியா கீது!”