துரைக்கு முதல் வாய்

துரை சாப்பிடாமல் ஷாந்தினி ஒரு வாய்கூட வைக்கமாட்டாள்.

துரை என்பது ஒரு சருகுமான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் துணிப் பொம்மை. எஸ்டேட் துரைமார்களைப் போல, எங்கே போனாலும் மேசையில் முதல் இடமும் முதல் மரியாதையும் அதற்குத்தான். வேலை மட்டும் கிடையாது.

கிளேபாங் சாலையோரக் கடையில், கோக்கனட் ஷேக் டம்ளரில் துரையைச் சாய்த்துவைத்தாள். பக்கத்தில் இரண்டு வடை. கடைப் பெயர் தெரியாதபடி போனைத் தாழ்த்திப் படம் எடுத்து அனுப்பினாள்.

“ஒங்க துரைக்கு சட்னி பத்துமா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்று கேட்டாள், வடை சுடும் இருசம்மாள்.

ஷாந்தினி சிரித்தாளே தவிர, கண் போனைவிட்டு நகரவில்லை.

இந்தப் படங்கள் விளையாட்டுக்கு எடுப்பவை அல்ல.

தைப்பூசம் முடிந்த வாரம், சுங்கை ரம்பாயில் இருந்த கணவன் வீட்டிலிருந்து வெறும் கைப்பையோடு ஓடி வந்தவள் அவள். கணேஸ்வரன் முறுக்கிய இடது கை இன்னும் முழுதாக மடங்காது. எங்கே இருந்தாலும் இழுத்து வருவேன் என்று அவன் அவளுடைய அம்மா குஞ்சம்மாவின் வாசலில் நின்று கத்தியிருந்தான். ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். அங்கே வரும்போதெல்லாம் அம்மாவின் போனைப் பிடுங்கிப் பார்ப்பது அவன் வழக்கம்.

அதனால்தான் துரை.

சனிக்கிழமைதோறும் ஷாந்தினியின் புது நம்பரிலிருந்து துரையும் ஒரு தட்டுச் சாப்பாடும் அம்மாவுக்குப் போகும். முகமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. அம்மாவின் போனில் அந்த நம்பருக்குப் பெயர் ‘பூக்கடை’. மகள் உயிரோடு இருக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள் என்று அம்மா தெரிந்துகொண்டு, பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்புவாள்.

தாயும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

போன வாரம் பூ வரவில்லை.

ஒரு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை. அவள் வேலை பார்க்கும் ஹோட்டல் டோபியில், துவைத்த படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதும் அதே நினைப்பு. போய்ப் பார்க்கவும் பயம். விசாரிக்கலாமென்றால், அம்மாவின் பக்கத்து வீட்டு அகல்யாவின் நம்பர் பழைய போனோடு போய்விட்டது.

போன் அதிர்ந்தது.

‘கணேஸ் சிங்கப்பூர் போயிட்டான். இனிமே வரமாட்டான். இன்னைக்கு உனக்குப் பிடிச்ச நண்டு வச்சிருக்கேன். எங்க இருக்க சொல்லு, வண்டி அனுப்புறேன்.’

அம்மாவுக்கு இவ்வளவு அடிக்க வராது. அகல்யா அடித்துக் கொடுத்திருப்பாள்.

ஷாந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து ஒரு நல்ல சேதி! மறுயோசனை இல்லாமல், கிளேபாங்கில் இருசம்மாள் வடைக்கடை என்று எழுதி அனுப்பினாள். உடனே இரண்டு டிக்கும் நீலமாயின.

“அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்! எங்கம்மா நண்டு ஆக்கி வச்சிருக்காங்களாம்.”

“நல்லபடியா போய்ட்டு வாம்மா,” என்ற இருசம்மாள், வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “ஆனா புரட்டாசி சனிக்கிழமையில நண்டா? ஒங்க வீட்ல சைவம் இல்லியா?”

புரட்டாசி பிறந்ததே ஷாந்தினிக்கு நினைவில்லை. ஷிப்ட் வேலையும் பொட்டலச் சோறுமாக இருப்பவளுக்கு எந்த மாதம் பிறந்தால் என்ன?

ஆனால் அம்மா மறப்பவள் இல்லை. முதல் நாளே மீன் சட்டியைத் தேய்த்துப் பரணில் ஏற்றிவிடுவாள். மாதம் முழுக்க அந்த வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடைகூட இருக்காது. கறி எங்கே என்று கேட்ட மாப்பிள்ளைக்கும் சாம்பாரைத்தான் ஊற்றினாள்.

இதை எழுதியது அம்மா இல்லை. அம்மா சொல்லி யாரும் எழுதவும் இல்லை.

பூக்கடையை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்?

டம்ளரில் சாய்ந்திருந்த துரையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால், ஜோங்கர் தெருவில், அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்திருந்தாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

இப்போதே ஓடிவிடலாம். நெரிசலில் எந்தப் பக்கம் போனாலும் அவன் கையில் சிக்கமாட்டாள்.

அம்மா? அவள் போன் அவன் கையில் அல்லவா இருக்கிறது.

துரையை நேராக உட்காரவைத்தாள். மேசை, நாற்காலி, கடையின் பெயர்ப்பலகை எல்லாம் தெரியும்படி இன்னொரு படம் எடுத்தாள்.

‘இங்கதாம்மா இருக்கேன். சீக்கிரம் அனுப்பு. பசிக்குது.’

‘வண்டி கெளம்பிடுச்சு. அங்கேயே இரு.’

படித்துவிட்டு, போனிலேயே கிராப் வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டாள். கார் வந்து நின்றதும் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பொம்மைய விட்டுட்டுப் போறியேம்மா!” என்று இருசம்மாள் கத்தினாள்.

“இருக்கட்டும்க்கா. ஒரு ஆளு என்னைத் தேடிக்கிட்டு வருவாரு. டாய்லெட் போயிருக்கா, வந்துருவான்னு சொல்லுங்க.”

ஏறிக் கதவைச் சாத்தினாள். டிரைவர் போனைப் பார்த்து, ஜாசின்தானே என்று கேட்டான்.

ஆமாம் என்றாள். எஸ்டேட்டுக்குள்ளேயே போகவேண்டும், வேகமாகப் போகவேண்டும் என்றாள்.