பதினேழு பட்டங்களும் ஒரு பெயர் அட்டையும்

பறவைகள் மாநாட்டில் கடவுள் வாழ்த்துப் பாடவிருந்த சேவல், கணினியில் பெயர் அட்டை தயாரித்துக்கொண்டிருந்த அணிலின் பின்னால் வந்து நின்றது.

"வெறும் செங்கொண்டையனா? ‘விடியல் வேந்தர்’ போடு தம்பி. ‘கூவல் திலகம்’ விட்டுப்போச்சு பார்."

"அட்டை இவ்வளவுதாங்க ஐயா. பட்டம் கூடினா எழுத்து சுருங்கும்."

"சுருங்கட்டுமே!"

பதினேழு பட்டங்கள் ஏறின. எழுத்து தூசியளவு ஆனது. வாசலில் காவலிருந்த எறும்போ, அட்டையை முழுக்கப் படிக்காமல் பெற்ற அப்பனையே உள்ளே விடாது. அது சேவலின் மார்பில் ஏறி எழுத்துக்கூட்டத் தொடங்கியது.

"சீக்கிரம்மா, என் பாட்டுதான் முதல்ல!"

"நடுவுல பேசாதீங்க. பாருங்க, மறுபடி முதல்லேருந்து படிக்கணும்."

ஒருவழியாகக் கடைசி வரிக்கு வந்தது எறும்பு. "அட, நம்ம செங்கொண்டையனா! போங்க, போங்க."

உள்ளே நன்றியுரைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.