சிவப்பு அம்பு

உயிரணுவிலிருந்து வெளியேற வேண்டிய புரதம், தான் சேரவேண்டிய இடத்தின் முகவரியைத் தன்னிலேயே சுமந்து செல்கிறது. வாயிலைக் கடக்குமுன் அதன் மடிப்பு சோதிக்கப்படுகிறது. பிழையுள்ள புரதத்தின்மீது ஓர் அடையாளம் ஒட்டப்பட்டு, அது சிதைவுக்கு அனுப்பப்படுகிறது. சற்றே கோணியிருந்தும் தன் வேலையைச் செய்யக்கூடிய புரதங்கள் சிலவும் இவ்வாறே அழிகின்றன. நாற்பத்தாறாம் வயதில் அஞ்சல்வழிப் பட்டம் படிக்கும் நான், பாடநூலில் இந்த வரியைத் தாண்ட இயலாமல் நிற்கிறேன்.

பனியன் நிறுவனத்தில் தைத்த சட்டைகளைச் சோதிக்கும் அறுவரில் நானும் ஒருத்தி. பிழையுள்ள இடத்தில் மஞ்சள் அம்புத்தாள் ஒட்டினால் சட்டை திருத்தத்திற்குச் செல்லும். சிவப்பு ஒட்டினால் கழிவுக்கு. சென்ற ஆடியில் மைனாவதி தைத்த பன்னிரண்டு குழந்தைச் சட்டைகளில் கழுத்துப் பட்டி நூலளவு விலகியிருந்தது. மஞ்சளே போதும். ஆனால் அன்று காலை அவள் எல்லோர் முன்னிலையிலும், "டீச்சரம்மா பாஸாகறதுக்குள்ள பேரனே பொறந்து டிகிரி வாங்கீருவானுங்க" என்று என்னைக் காட்டிச் சிரித்திருந்தாள். பன்னிரண்டிலும் சிவப்பை ஒட்டினேன். அந்தச் சட்டைகளையே கையில் கொடுத்து அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

இன்று பேருந்து நிறுத்தத்தில் அவளே வந்து என் கையைப் பிடித்தாள். "பரீட்சை எப்பங்கக்கா? உங்களுக்காகச் சாமிகிட்டச் சொல்லிட்டிருக்கறேன்." அருகில் அவள் மகள் அந்தச் சட்டைகளுள் ஒன்றை அணிந்திருந்தாள். கழுத்து சரியாகவே பொருந்தியிருந்தது.

"எந்தப் புண்ணியவதி ஒட்டுனாளோ, பசை மட்டும் போகமாட்டேங்குதுங்க" என்றாள்.

நான் குனிந்து, அம்பு வடிவில் படிந்திருந்த கறையை நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். என் பேருந்து வந்து நின்றது.

"விடுங்கக்கா, வண்டி போயிரும்" என்றாள் மைனாவதி.

நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.